லாக் புத்தகத்தில் இருந்த கட்டடம்

சென்னையின் தென்புறத்தில் எட்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்று இருக்கிறது. அதற்கு அடித்தளம் தோண்டுவதற்கு முன்பே அதன் மின்செலவைக் கணினியில் கணித்துச் சொன்ன சிறு குழுவில் நானும் ஒருத்தி. ஓர் ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கும், ஒவ்வொரு மணியிலும் வெயில் எந்தச் சுவரில் எவ்வளவு விழும், உள்ளே எத்தனை பேர் இருப்பார்கள், எத்தனை விளக்கு எரியும், குளிரூட்டும் எந்திரம் எவ்வளவு உழைக்கும் என்று வரிவரியாகக் கொடுத்து ஓடவிடுவதுதான் எங்கள் வேலை. அந்த அறிக்கையை இணைத்துப் பசுமைக் கட்டடச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தார்கள். உயர்ந்த தரநிலையிலேயே கிடைத்தது. வரவேற்பறைச் சுவரில் பட்டயத்தை மாட்டிய நாளில் எங்களையும் அழைத்து இனிப்புக் கொடுத்தார்கள். அன்று எனக்கு இருந்த பெருமிதத்தில் பொய் எதுவும் இல்லை.

ஆறு ஆண்டுகள் கழித்து, வேறொரு வேலையாக அதே கட்டடத்துக்குள் போக நேர்ந்தது. மே மாதம், பிற்பகல் மூன்று மணி. ஐந்தாம் மாடியின் மேற்குப்புறக் கண்ணாடி முழுவதும் ரோலர் பிளைண்டுகள் தரைவரை இறக்கப்பட்டிருந்தன. பகல் வெளிச்சத்தை உள்ளே கொண்டுவருவதற்காக நாங்கள் வாதாடிப் பெற்ற அந்தக் கண்ணாடிக்குப் பின்னால், தளத்தின் எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. ஜன்னலோர மேசைகளில் இருந்தவர்கள் சிறிய மேசை விசிறிகளை வைத்துக்கொண்டிருந்தார்கள்; அங்கிருந்து பத்தடி உள்ளே தள்ளி உட்கார்ந்திருந்த பெண்கள் தோளில் சால்வை போர்த்தியிருந்தார்கள். ஒரே தளம், ஒரே எந்திரம். ஒரு பக்கம் புழுக்கம், மறுபக்கம் குளிர். திரும்பி வரும்போது வரவேற்பறைப் பட்டயத்தை நின்று பார்த்தேன். நாங்கள் எதற்குச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தோம் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னைவிட்டு அகலவில்லை.

எதனோடு ஒப்பிட்ட சேமிப்பு

இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்கள் பெரும்பாலும் அறியாத ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். "இந்தக் கட்டடம் 30 சதவீத மின்சாரத்தைச் சேமிக்கிறது" என்று விளம்பரப் பலகை சொல்லும்போது, யாரோ மீட்டரைப் பார்த்துச் சொன்ன கணக்கு அது என்றே படிப்பவர் நினைப்பார். பெரும்பாலும் அப்படி இல்லை. வடிவமைத்த கட்டடத்தின் கணினி மாதிரியை வைத்துக்கொண்டு, அதே அளவில், அதே இடத்தில், விதிகள் கேட்கும் குறைந்தபட்சத் தரத்தோடு மட்டும் கட்டப்பட்டிருந்தால் எப்படி இருக்கும் என்று இன்னொரு மாதிரியையும் உருவாக்குவோம். அந்த இரண்டாவதைப் பேஸ்லைன் என்போம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த 30 சதவீதம். பேஸ்லைன் கட்டடத்தை யாரும் கட்டப்போவதில்லை. வடிவமைத்த கட்டடமும் அந்த நாளில் வரைபடமாகத்தான் இருக்கிறது. வடிவமைப்புக் கட்டத்தில் வேறு வழியில் ஒப்பிடவும் முடியாது என்பதால் இந்த முறையையே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கட்டடம் எழும்பி, ஆட்கள் குடிவந்து, மீட்டர் ஓடத் தொடங்கிய பிறகும் அதே எண்ணையே நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

புள்ளிகளைக் கூட்டும் முறையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் உருவாகி இந்தியாவில் பரவலாகப் பயன்படும் லீட் முறையின் 2009ஆம் ஆண்டுப் பதிப்பில் மொத்தம் 110 புள்ளிகள். 60 எடுத்தால் தங்கம், 80 எடுத்தால் பிளாட்டினம். புதிய கட்டடம் பேஸ்லைனைவிட 10 சதவீதம் குறைவாக ஆற்றல் செலவிடும் என்று காட்டுவது கட்டாயம். அதற்கு மேல் போவது விருப்பம். மீதிப் புள்ளிகளை நீர், கட்டுமானப் பொருள்கள், இருப்பிடம், பொதுப் போக்குவரத்துக்கு அருகில் இருத்தல், மிதிவண்டி நிறுத்தம் என்று பல இடங்களில் திரட்டலாம். இவை ஒவ்வொன்றும் நல்ல செயல்களே. பேருந்து நிறுத்தத்தின் அருகே கட்டுவது பசுமைதான், சந்தேகமில்லை. ஆயினும் பட்டயத்தைப் பார்ப்பவருக்கு எந்தப் புள்ளி எங்கிருந்து வந்தது என்பது தெரிவதில்லை. அதே 2009 பதிப்பு, ஐந்தாண்டுகளுக்கு மின், நீர்ப் பயன்பாட்டுத் தரவைப் பகிர்ந்துகொள்ள உரிமையாளர் உடன்பட வேண்டும் என்றும் கேட்டது. அது நல்ல தொடக்கம். தரவைப் பகிரச் சொன்னதே தவிர, அந்தத் தரவு இன்ன அளவுக்குள் இருந்தாக வேண்டும் என்று சொல்லவில்லை.

இந்தியாவில் இந்த இயக்கம் தொடங்கிய விதத்தை நினைத்துப் பார்த்தால் எனக்கு இன்றும் மதிப்பு குறையவில்லை. 2001இல் இந்தியப் பசுமைக் கட்டடக் கழகம் உருவானது. ஹைதராபாத்தில் உள்ள சோராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம் 2003இல் லீட் பிளாட்டினம் பெற்றது. அமெரிக்காவுக்கு வெளியே அந்தத் தரநிலையைப் பெற்ற முதல் கட்டடம் அதுதான். 2004 ஜூலையில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அதைத் திறந்துவைத்தார். நடுவில் முற்றம், கூரைமேல் புல்வெளி, ஓட்டை வேலைப்பாடுள்ள ஜாலிச் சுவர், உள்வரும் காற்றை முன்கூட்டியே குளிர்வித்து அனுப்பும் காற்றுக் கோபுரங்கள் என்று அதன் பெரும்பகுதி எந்திரத்துக்கு வேலையைக் குறைக்கும் உறுப்புகளால் ஆனது. கல்லூரிக் காலத்தில் அங்கே எங்களை அழைத்துப் போனார்கள். அன்று நான் பார்த்த ஜாலியின் நிழல்தான் என்னை இந்தத் தொழிலுக்கு இழுத்து வந்தது.

அடித்தளத்தில் ஒரு மேசை

ஐந்தாம் மாடியைப் பார்த்துவிட்டு வந்தபின் இரண்டு வாரம் தூக்கம் சரியாக வரவில்லை. பிறகு கட்டட நிர்வாகத்திடம் முறையாக அனுமதி கேட்டு, அடித்தளத்தில் உள்ள சில்லர் அறைக்குப் போனேன். கட்டடம் முழுவதையும் குளிர்விக்கும் நீரைக் குளிரவைக்கும் பெரிய எந்திரம்தான் சில்லர். அங்கே பொறுப்பில் இருந்தவர் ஐம்பதைக் கடந்தவர். கட்டடம் திறந்த நாளிலிருந்து அங்கேயே இருக்கிறார். பம்புகளின் இரைச்சலில் சத்தமாகத்தான் பேச வேண்டியிருந்தது. நான் இன்னார், இந்தக் கட்டடத்தின் மின்செலவைக் கணித்தவள் என்று சொன்னதும், மேசை இழுப்பறையிலிருந்து அட்டை போட்ட நீளமான லாக் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஆறு ஆண்டுகள். நாள்தோறும் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் எடுத்த ரீடிங், நீல மையில், ஒரு நாளும் விடுபடாமல்.

"இதை யாரும் கேட்டதில்லையா அண்ணா?" என்றேன்.

"ஆடிட்டுக்கு வர்றவங்க முதல் பக்கத்தைப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுவாங்க மேடம். உள்ள யாரும் புரட்டினதில்ல."

அங்கேயே உட்கார்ந்து ஓர் ஆண்டின் கணக்கைக் கூட்டினேன். நாங்கள் கணித்தது ஆண்டுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 110 யூனிட்டுக்குச் சற்றுக் கீழே. லாக் புத்தகம் 160ஐத் தொட்டது. பிழையாக இருக்கும் என்று அடுத்த ஆண்டையும் கூட்டினேன். அதுவும் அங்கேயேதான் நின்றது. மத்திய அரசின் ஆற்றல் திறன் செயலகம் 2009இல் தொடங்கிய அலுவலகக் கட்டட நட்சத்திரத் திட்டத்தின் அளவுகோலில், சென்னை போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊரில் பெரும்பகுதி குளிரூட்டப்பட்ட அலுவலகத்துக்கு 100க்குக் கீழே போனால் 5 நட்சத்திரம், 100க்கும் 125க்கும் இடையில் 4, 150க்கும் 175க்கும் இடையில் 2. என் அறிக்கையில் நான்கு நட்சத்திரமாக இருந்த கட்டடம், அந்த மேசையின்மேல் இரண்டு நட்சத்திரமாகக் கிடந்தது.

யார் ஏமாற்றினார்கள் என்றுதான் முதலில் என் மனம் தேடியது. அவரோடு தளம் தளமாக ஏறி இறங்கியபோது அப்படி யாருமே அகப்படவில்லை. நாங்கள் மாதிரியில் வாரத்துக்கு ஐந்து நாள், காலை ஒன்பது முதல் மாலை ஏழு வரை என்று கொடுத்திருந்தோம். குடிவந்த நிறுவனங்களில் ஒன்று இரண்டு தளங்களில் இரவுப் பணியும் நடத்துகிறது. எட்டு மாடிக்கென வாங்கிய பெரிய சில்லர், அந்த இரண்டு தளங்களுக்காக இரவெல்லாம் ஓடுகிறது. அதோடு பம்புகளும் கூலிங் டவரும் ஓடுகின்றன. பெரிய சில்லரை இவ்வளவு சிறிய சுமையில் ஓட்டும்போது ஒவ்வொரு யூனிட் மின்சாரத்துக்கும் கிடைக்கும் குளிர்ச்சி குறைந்துபோகும். வெளியே தள்ளும் குளிர்ந்த காற்றைக் கொண்டு, உள்ளே வரும் வெளிக்காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் குறைக்கும் சுழல்சக்கரம் ஒன்று மொட்டைமாடியில் இருந்தது. சென்னையின் ஈரக்காற்றுக்கு அது மிக அவசியம் என்று அறிக்கையில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தேன். அது அசையாமல் நின்றது. "பெல்ட் அறுந்து ரெண்டு வருசமாச்சு மேடம். கொட்டேஷன் கொடுத்தாச்சு. மேல இருந்து பதில் வரல" என்றார். பகல் வெளிச்சம் கூடும்போது விளக்குகளைத் தானாக மங்கவைக்கும் சென்சார்களை, அடிக்கடி மங்குவதும் பிரகாசிப்பதும் கண்ணை உறுத்துகிறது என்ற புகாரின் பேரில் முதல் ஆண்டிலேயே துண்டித்துவிட்டார்கள்.

மேற்குக் கண்ணாடியின் கதையை அவர் ஒரே மூச்சில் சொன்னார். "வெயில் அடிச்சா பிளைண்டை இறக்குவாங்க மேடம். இறக்கினதுக்கு அப்புறம் யாரும் ஏத்த மாட்டாங்க. கண்ணாடிகிட்ட உக்காந்தவங்க சூடுன்னு போன் பண்ணுவாங்க, நாங்க செட் பாயிண்டைக் குறைப்போம். உள்ள இருக்கறவங்க குளிருதுன்னு சொல்லுவாங்க. சூடுன்னு சொல்றவங்கதான் அதிகம், அதனால 21லயே விட்டுட்டோம்." செட் பாயிண்ட், அதாவது அறையை எத்தனை டிகிரியில் வைக்க வேண்டும் என்று எந்திரத்துக்குச் சொல்லும் அளவு, நாங்கள் மாதிரியில் கொடுத்திருந்தது 24. செட் பாயிண்டை ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிஞ்சும் என்பது ஆற்றல் திறன் செயலகமே சொல்லும் கணக்கு. மூன்று டிகிரி இங்கேயே போயிருந்தது.

அந்த மனிதர் சொன்ன எதுவும் எனக்குப் புதியதல்ல. ஒவ்வொன்றையும் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறேன். அப்படியிருந்தும் வடிவமைப்பு நடந்த ஒன்றரை ஆண்டுகளில் நடந்த எந்தக் கூட்டத்திலும் அவரைப் போன்ற ஒருவருக்கு நாற்காலி போடப்படவில்லை. இரவுப் பணி இருக்குமா என்று நான் கேட்கவில்லை; பெல்ட் அறுந்தால் யார் மாற்றுவார்கள் என்றும் கேட்கவில்லை. என் வேலை சான்றிதழோடு முடிந்தது என்று உண்மையாகவே நம்பியிருந்தேன். அந்த அறையில் என்னை உலுக்கியது 160 என்ற எண்ணைவிட, ஆறு ஆண்டுகளாக உண்மையை நாள்தோறும் இரண்டுமுறை எழுதிவைத்த ஒருவர் அங்கே இருந்தும், நாங்கள் அனைவரும் மேலே மாட்டியிருந்த பட்டயத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதுதான்.

பலரின் அனுபவம்

இது என் ஒரு கட்டடத்தின் குறை என்றால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்த கை நியூஷாமும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2009இல், லீட் சான்றிதழ் பெற்ற 100 கட்டடங்களின் உண்மையான ஆற்றல் பயன்பாட்டை ஆராய்ந்தார்கள். சராசரியாகப் பார்த்தால் அவை சாதாரணக் கட்டடங்களைவிட ஒரு சதுர அடிக்கு 18 முதல் 39 சதவீதம் வரை குறைவாகவே செலவிட்டன. ஆனால் அவற்றில் 28 முதல் 35 சதவீதக் கட்டடங்கள், தமக்கு இணையான சாதாரணக் கட்டடத்தைவிட அதிகமாகச் செலவிட்டன. சான்றிதழின் தரநிலைக்கும் மீட்டரின் கணக்குக்கும் இடையில் தொடர்பு மிகக் குறைவாகவே இருந்தது. இந்த ஆய்வைச் சான்றிதழின் எதிர்ப்பாளர்கள் ஒரு பாதியையும் ஆதரவாளர்கள் மறுபாதியையும் மேற்கோள் காட்டுவார்கள். இரண்டு பாதியையும் சேர்த்துப் படித்தால் சான்றிதழ் ஒரு நல்ல நோக்கத்தைக் காட்டுகிறது என்பதும், நோக்கம் நிறைவேறியதா என்பதை அது காட்டுவதில்லை என்பதும் ஒருசேர விளங்கும்.

நிழலும் காற்றும்

வடிவமைப்பிலும் எங்கள் தவறு இருந்தது. கட்டடத்தை இயக்குபவர்மேல் எல்லாவற்றையும் சுமத்த நான் விரும்பவில்லை. சாதாரணத் தெளிந்த கண்ணாடி தன்மேல் விழும் சூரிய வெப்பத்தில் ஏறத்தாழ 80 சதவீதத்தை உள்ளே விடும். நாங்கள் போட்ட பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடி அதை 25 சதவீதம் அளவுக்குக் குறைத்தது. கணினிக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் மாலை நாலு மணி வெயில் தாழ்வாக, நேராக முகத்தில் அறையும்போது, அந்தக் கால்வாசியும் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தவருக்கு அதிகம்தான், கண்கூச்சம் தனி. பிளைண்டை உள்ளே இறக்கினால் கண்கூச்சம் போகும், வெப்பம் ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்டிருக்கும். நிழல் கண்ணாடிக்கு வெளியே விழ வேண்டும். தெற்குச் சுவருக்கு மேலே நீட்டிய சஜ்ஜா போதும். கிழக்குக்கும் மேற்குக்கும் செங்குத்தான தடுப்புகளோ ஜாலியோ வேண்டும். சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால் ஜூன் மாத உச்சிவெயில் வடக்குப் பக்கத்திலிருந்துகூட எட்டிப் பார்க்கும். இது எல்லாம் தெரிந்தும் முகப்பு வழவழப்பாகத் தெரிய வேண்டும் என்ற விருப்பத்துக்கு நாங்கள் இணங்கினோம்.

புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்த கோல்கொண்டா விடுதியைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். 1930களின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கிய அந்தக் கான்கிரீட் கட்டடத்தை அன்தோனின் ரேமண்ட் வடிவமைத்தார்; ஜார்ஜ் நகாஷிமாவும் அங்கேயே தங்கிக் கட்டுவித்தார். நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. சுவருக்குப் பதில் சாய்த்துத் திறக்கும் அகலமான பலகை அடுக்குகள். வெயிலையும் மழையையும் தடுத்துக் காற்றை மட்டும் விடும். கூரைத் தளத்தின்மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள், இடையில் காற்று ஓட இடம். குளிரூட்டும் எந்திரம் இல்லாமல் மே மாதத்தில் அங்கே மனிதர்கள் தங்கினார்கள், இன்றும் தங்குகிறார்கள். எட்டு மாடி அலுவலகத்தை அப்படியே கட்ட முடியாது என்பது எனக்குத் தெரியும். முதலில் நிழல், பிறகு காற்று, கடைசியில் எந்திரம் என்ற அதன் வரிசையை எந்தக் கட்டடத்திலும் பின்பற்றலாம்.

எவ்வளவு குளிர் வேண்டும் என்ற கேள்வியிலும் நாம் இரவல் விடையோடு வாழ்ந்துவந்தோம். அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகம் முன்னின்று சென்னை உள்ளிட்ட ஐந்து நகரங்களின் அலுவலகங்களில் ஆயிரக்கணக்கானோரிடம் கேட்டு உருவாக்கிய இந்தியத் தகவமைவு வசதி மாதிரி, அதாவது வெளி வெப்பத்துக்கு ஏற்ப உள்ளே எத்தனை டிகிரி இதமாக இருக்கும் என்று சொல்லும் கணக்கு, 2016ஆம் ஆண்டுத் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் இடம்பெற்றது. அதன் சமன்பாட்டின்படி, வெளியே சராசரி வெப்பம் 31 டிகிரியாக இருக்கும் பருவத்தில், ஜன்னல் திறந்த அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு 29 டிகிரிக்கு மேலும் இதமாகவே இருக்கும். தேவையானபோது மட்டும் குளிரூட்டும் அலுவலகத்தில் 26 டிகிரிக்குச் சற்று மேலே. விசிறி ஒன்றைச் சேர்த்துக்கொண்டு 26இல் வேலை செய்யக்கூடியவர்களைத்தான் 21இல் சால்வை போர்த்தி உட்காரவைத்திருக்கிறோம்.

மீட்டரைக் கேட்கும் சான்றிதழ்

ஆஸ்திரேலியாவில் 1998இல் தொடங்கிய நேபர்ஸ் முறை, அலுவலகக் கட்டடத்தின் பன்னிரண்டு மாத உண்மையான மின்கணக்கை வைத்து நட்சத்திரம் தருகிறது. 2010 முதல், பெரிய அலுவலகப் பரப்பை விற்கவோ வாடகைக்கு விடவோ அந்த நட்சத்திரத்தை விளம்பரத்திலேயே வெளியிடுவது சட்டப்படி கட்டாயம். இதில் என்னை மிகவும் கவர்ந்தது இன்னொன்று: கட்டடம் வரைபடமாக இருக்கும்போதே இத்தனை நட்சத்திரத்தை எட்டுவோம் என்று உரிமையாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார், குடிவந்து ஓராண்டு ஆனபின் மீட்டரைக் காட்டி அதை மெய்ப்பிக்க வேண்டும். அப்படி ஓர் ஒப்பந்தம் எங்கள் மேசைமீது இருந்திருந்தால், இரவுப் பணி உண்டா என்று முதல் கூட்டத்திலேயே யாராவது கேட்டிருப்பார்கள்.

நமக்கும் இது அந்நியமல்ல. நான் மேலே சொன்ன நட்சத்திரத் திட்டமும் உண்மையான கணக்கைத்தான் பார்க்கிறது. விருப்பப்பட்டவர்கள் மட்டும் வரலாம் என்பதே அதன் குறை. ஹைதராபாத்தில் இன்ஃபோசிஸ் நிறுவனம் ஒரே கட்டடத்தை இரு சம பாதிகளாக்கி, ஒரு பாதியில் வழக்கமான குளிரூட்டலையும் மறுபாதியில் தளத்துக்குள் ஓடும் குளிர்நீர்க் குழாய்கள் மூலம் குளிர்விக்கும் முறையையும் வைத்துத் தனித்தனி மீட்டரால் அளந்தது. குளிர்நீர்க் குழாய்ப் பாதி, வழக்கமான பாதியைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாகச் செலவிட்டது. அந்த அளவீட்டை வெளியே சொன்னார்கள் என்பதால்தான் என்னைப் போன்றவர்கள் அடுத்த கட்டடத்தில் அதைத் துணிந்து பரிந்துரைக்க முடிகிறது.

லாக் புத்தகக் கணக்கோடு அந்தக் கட்டட உரிமையாளரைச் சந்தித்தேன். பொறுமையாகக் கேட்டார், நான் அஞ்சியதுபோல் கோபப்படவில்லை. சுழல்சக்கரத்துக்குப் பெல்ட் ஒரே வாரத்தில் வந்தது. இரவுப் பணி நடக்கும் தளங்களுக்குத் தனியாகச் சிறிய எந்திரம் போட்டார்கள். உள்வரிசைகளின் செட் பாயிண்டைப் பிரித்து 24க்கு உயர்த்தினார்கள். மேற்குச் சுவருக்கு வெளியே செங்குத்துத் தடுப்புகள் போடுவதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை. கட்டடத்தின் முகம் மாறிவிடும் என்றார். பட்டயத்துக்குப் பக்கத்தில் அந்த ஆண்டின் உண்மையான கணக்கையும் எழுதி மாட்டலாமே என்று கேட்டேன். யோசிப்பதாகச் சொன்னார்.

அவருடைய அனுமதியோடு, சில்லர் அறையிலிருந்து மாதந்தோறும் முதல் வாரத்தில் லாக் புத்தகப் பக்கத்தின் படம் என் கைபேசிக்கு வருகிறது. சென்ற ஆண்டின் பன்னிரண்டு மாதங்களையும் கூட்டியபோது ஒரு சதுர மீட்டருக்கு 138 யூனிட் வந்தது. கடைசிப் படத்தின் கீழே சில்லர் அறைப் பொறுப்பாளர் நீல மையில் ஒரு வரி சேர்த்திருந்தார்: ஐந்தாம் மாடி மேற்குப் பக்கம் பிளைண்ட் இன்னும் இறக்கியேதான் இருக்கிறது.